நீ தேடிய அந்தப் பழைய படம்

தினேஷ்,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ரூமுக்குப் போனவன், இன்னும் எனக்கு ஒரு போன் செய்யவில்லை. அப்பாவோடு பேசுகிறாய் என்று தெரியும். அவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாலும் இந்த வீட்டில் எல்லாம் கீழே கேட்கும். அம்மா ஏன் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னாள் என்று நீ கேட்டிருக்கிறாய். அவர் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். தெரிந்தவள் நான்தான், அதனால் நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவோம். எழுதினால் நீ முழுசாகக் கேட்டாக வேண்டும். இதை மதுமிதா படித்தாலும் சரி, அவள் பெரியப்பா படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. மன்னிப்புக் கேட்கிற கடிதம் என்று மட்டும் நினைத்துப் பிரிக்காதே.

அன்றைக்கு மதுமிதா வீட்டார் உங்கள் கல்யாணப் பத்திரிகை விஷயமாகத்தான் வந்தார்கள். மதுமிதாவுக்கு அப்பா இல்லை, பெரியப்பா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்பது எனக்கு முன்பே தெரியும். கேசரி சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், பூந்தமல்லி மண்டபத்துக்கு எந்தப் பக்கமாக வந்தால் நெரிசல் இருக்காது என்று அப்பாவிடம் பேசினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து டீபாய் மேல் வைத்தார். நீ காலேஜ் கடைசி வருஷத்தில் எடுத்து நெட்டில் போட்ட படம் அதில் ஓடியது. டிபன் பையோடு ஒரு பெண் சாயங்கால ரயிலிலிருந்து இறங்கி நடக்கிறாள், ஒருத்தன் பின்னாலேயே வருகிறான். அவள் நின்று அவனை முன்னே போகவிட்டு, பிறகு அவன் பின்னால் இவள் நடக்கிறாள். அந்தப் பெண் நான். படம் ஆரம்பிக்கும்போது 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று நீ ஒரு வரி போட்டிருந்தாய். பெரியப்பாவுக்கு உறுத்தியது அந்த வரிதான்.

கோபமாகப் பேசவில்லை அவர், அதைச் சொல்ல வேண்டும். "நடிச்சது தப்புன்னு சொல்லல சம்பந்தியம்மா. ஆனா உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கே. ஒருத்தன் தினம் பின்னாடி வந்தான்னா, நாலு பேரு என்னா நெனைப்பாங்க?" என்றார். நீ உடனே, அதெல்லாம் சும்மா மாமா, த்ரில்லர் என்றால் அப்படி ஒரு கார்டு போடுவது வழக்கம், அம்மா எப்போதோ டிவியில் பார்த்த பழைய படத்துக் கதைதான் அது, இன்றைக்கே படத்தை நெட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றாய். நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். அப்போதுதான் நான் சொன்னேன்: "எடுக்க வேணாம். அது எனக்கு நடந்தது."

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன், தினேஷ். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அந்தக் கதை உன்னிடம் எப்படி வந்தது என்பதை நீயே நினைத்துப் பார். த்ரில்லர் எடுக்கிறவர்கள் ஏற்கெனவே வந்த படங்களைப் பார்த்து, எதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று எழுதித் தரவேண்டும் என்று உங்கள் காலேஜில் சொல்லியிருந்தார்கள். நீயும் டில்லியும் நம் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படம் படமாகப் பார்த்தீர்கள். டில்லி வீடு ஏரிப் பக்கம், நமக்கு மூன்றாவது தெரு. சாப்பாட்டு நேரம் பார்த்து வந்துவிடுவான். நான் கீரை ஆய்ந்துகொண்டே உங்களோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நீ ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டாய். எனக்குப் பயமே வரவில்லை. பிறகு திரையை ஒரு துண்டால் மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னாய். கையிலிருந்த கீரைக் கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வில்லன் மூஞ்சிய அவங்க காட்டவே இல்லம்மா, கவனிச்சியா? செருப்பும் கையும்தான்" என்றாய். எத்தனை வருஷமாகப் படம் பார்க்கிறேன், பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. நீதான் காட்டினாய். அந்தச் சாயங்காலங்களில் நான் உன் அம்மா மாதிரி இல்லை, உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தேன்.

ஆனால் நீ எழுதிய முதல் கதை உருப்படவில்லை. தலையை மூடுகிற குல்லாச் சட்டை போட்ட கொலைகாரன், ஒரு துப்பாக்கி, ஒரு கறுப்புப் பெட்டி, விடாத மழை. கொலைகாரன் டில்லி. அவன் கதையைக் கேட்டுவிட்டு, "மச்சான், இந்த வெயில்ல இத்தப் போட்டுகினு நான் எப்டிடா கொல பண்றது? நானே செத்துடுவேன்" என்றான். நீ சிரிக்கவில்லை. உங்கள் சார் அதைப் படித்துவிட்டு, இது இந்தப் படம், அது அந்தப் படம் என்று பக்கத்துக்குப் பக்கம் குறித்துக் கொடுத்து, உனக்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லையா என்று வகுப்பில் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, த்ரில்லரே வேண்டாம், ஏரியைப் பற்றி ஏதாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாய்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எடுத்துக்கொள்வதில் என்ன கேவலம்? நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரிச் சட்டை வரும். எங்கள் ஆட்கள் அதைத் தையல் தையலாகப் பிரித்து, காலர் எப்படி நிற்கிறது, தோள் எங்கே மடிகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் துணியில் கத்திரி வைப்பார்கள். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. "நீ பிரிச்சே பாக்கல. அப்படியே எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டே. அதான் தொளதொளன்னு தொங்குது" என்றேன். நீ முறைத்தாய். சரி, எதைத்தான் எடுப்பது, நீயே சொல் என்று கேட்டாய்.

சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் உட்காரவில்லை. வாயில் வந்துவிட்டது. ஒரு பழைய படத்தில் பார்த்தேன் என்று ஆரம்பித்து, அந்தப் பெண்ணையும் அவள் பின்னால் வந்தவனையும் பற்றிச் சொன்னேன். அவள் அவனை முன்னால் விட்டுப் பின்தொடர்ந்து போனால், அவன் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்ப ஸ்டேஷனுக்கே வந்து, எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறிவிட்டான். "அப்ப அவனுக்கு அந்த ஊர்ல வீடே இல்லையா?" என்று நீ கேட்டாய். இல்லை, இதற்காக மட்டும்தான் தினமும் ரயிலேறி வந்திருக்கிறான் என்றேன். டில்லி தட்டைக் கீழே வைத்தான். அது எந்தப் படம் என்று கேட்டாய். ஞாபகமில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டார்கள் என்று சொன்னேன். அந்தப் படத்தைக் கண்டுபிடித்துப் பெயர் போட வேண்டும் என்று எத்தனை நாள் தேடினாய். உங்கள் சாரைக் கேட்டாய், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரையும் கேட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படி ஒரு படம் கிடையாது, தினேஷ். நீ ஏழாவது படித்த வருஷம் அது. தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை முடிந்து அம்பத்தூரில் ரயிலேறி, திருநின்றவூரில் இறங்கி நடந்து வருவேன். நம் தெருவுக்கு இந்தப் பக்கம் முழுக்க அப்போது கல் நட்ட காலி மனைகள். ஸ்டேஷனில் என்னோடு எத்தனையோ பேர் இறங்குவார்கள், ஒவ்வொரு தெருவாகக் குறைவார்கள், கடைசியில் மனைகளுக்கு நடுவே நானும் அவனும் மட்டும் இருப்போம். முதலில் புதுசாகக் குடிவந்தவன் என்று நினைத்தேன். காய்கறி வண்டியில் நான் நின்றால் அவனும் எங்கேயோ நிற்பான். நான் வேகமாக நடந்த நாளில் அவனும் வேகமாக நடந்தான். தொட்டதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமாவது போய்ச் சொல்ல அவன் எதையும் செய்யவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் போன பிறகு அப்பாவும் கேட்டார். சொல்லியிருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பீர்கள் என்றேன். "ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். அந்த நேர்மைக்காகத்தான் அந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன். எவனோ ஒருத்தன் பின்னால் வருகிறான் என்பதற்காக நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ரயிலும் கூட்டமும், ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கிற நாளும் பிடித்திருந்தது. அவன் ஒருவனுக்காக அத்தனையையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

படம் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று நம் சொந்தத்தில் சொல்வார்கள். என்னைக் காப்பாற்றியது ஒரு படத்தில் பார்த்த காட்சி. கதை மறந்துவிட்டது, நடித்தவர்கள் யார் என்று தெரியாது. துரத்தப்படுகிற பெண் ஒருத்தி, ஓடாமல், நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். துரத்துகிறவன் நிற்கவும் முடியாமல் அவளைத் தாண்டிப் போவான். அன்றைக்கு மனைகளுக்கு நடுவில், என்ன செய்வது என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தபோது, அது ஞாபகத்துக்கு வந்தது. குனிந்தேன். அவன் தாண்டிப் போனான். அந்தப் படத்தில் அவள் அப்புறம் என்ன செய்தாள் என்று எனக்கு நினைவில்லை. அதனால் மிச்சத்தை நானேதான் செய்ய வேண்டியிருந்தது. அவன் பின்னால் நடந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான், நான் நிற்கவில்லை. அவன் நடை வேகமானது, நானும் விடவில்லை. ஸ்டேஷன்வரை போய், அவன் ரயிலேறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாய். தோசை வார்த்தேன்.

இப்போது புரிகிறதா, உங்கள் சார் கேட்ட கேள்வி எனக்கு ஏன் சுட்டது என்று? எங்கோ யாரோ எடுத்த படத்திலிருந்து ஒரு செருப்பு வாரை நான் எடுத்துக்கொண்டேன். அதை என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டு மறுபடி படமாக்கினாய். இதில் யார் யாரைக் காப்பியடித்தது? எடுத்துக்கொள்ளடா. கூச்சப்படாமல் எடுத்துக்கொள். எடுத்ததை எதற்கு வைத்துக்கொண்டாய் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

அந்த வேஷத்துக்கு உங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியைத்தான் நீ பேசி வைத்திருந்தாய். இந்த மாதிரிப் படங்களில் ஏன் எப்போதும் இருபது வயதுப் பெண்ணே துரத்தப்படுகிறாள், நான் நடிக்கிறேன் என்றேன். நீ தயங்கினாய், டில்லிதான் எனக்காகச் சண்டை போட்டான். ஏரிக்குப் போகிற ரோட்டில் எடுத்தோம். கண்ணை அகலமாக்கு, மூச்சு வாங்கு, பயப்படு என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். மாட்டேன் என்றேன். அந்த இடத்தில் அவளுக்குப் பயம் முடிந்துவிட்டது, இனிமேல் எரிச்சல்தான் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். தெரியும், கேமராவைப் போடு என்றேன். நான் குனிந்து எழுந்து டில்லி பின்னால் நடந்தேன். காட்சி முடிந்ததும் அவன் ஓடிவந்து, "யம்மா, நீ பின்னால வர்றச்சொல்ல எனக்கே ஒதறிடுச்சும்மா" என்றான். அவ்வளவு வருஷம் மனசுக்குள் தனியாக வைத்திருந்ததை அந்தப் பிள்ளை பயந்ததில் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

காலேஜில் படம் போட்டபோது திரையில் அந்த 'உண்மைச் சம்பவம்' வரியைப் பார்த்து, உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து மெதுவாகக் கேட்டேன். "சும்மா ஒரு கெத்துக்குத்தாம்மா. எல்லாப் படத்துலயும் போடறாங்கல்ல" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அந்த வரியையும் நீ யாரோ எடுத்த படங்களிலிருந்துதான் எடுத்திருக்கிறாய், அது மட்டும் சத்தியமாக அமைந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் நண்பர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் சொன்னதைக் கேட்டுப் பெரியப்பா, இதையெல்லாம் வெளியே சொல்லணுமா என்றார். நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன். உடனே எழுந்துவிட்டார்கள். நீ உள்ளே போய்விட்டாய். வாசலில் மதுமிதாவின் அம்மா மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். "அப்புறம் அவன் வந்தானா?" என்று ரகசியமாகக் கேட்டார். ஒரே ஒரு தரம், அம்பத்தூர் ஸ்டேஷனில் பார்த்தேன், கேட்டுவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். "எனக்குக் கேக்கத் தோணல பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அவருக்கு அது எந்த ஊரில், எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொல்கிற நாளில் சொல்லட்டும்.

அந்த அம்பத்தூர் ஸ்டேஷன் விஷயம் உனக்கும் தெரியாது. அவன் ரயிலேறிப் போனதற்குச் சில நாள் கழித்து, பிளாட்பாரத்தில் டீக்கடை ஓரமாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் முகத்தைத் திருப்பியதைப் பார்த்ததும் ஒரு துணிச்சல் வந்தது. எங்கள் செக்‌ஷன் பெண்களிடம் கற்றுக்கொண்ட பாஷையில், பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "இன்னாபா, ஆளையே காணோம்? இன்னிக்கு வர்லியா?" பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பினார்கள். யாருக்கா அது என்று ஒருத்தி கேட்டாள். தெரியவில்லை, தினமும் என் பின்னால் வருவார், எதற்கென்றுதான் கேட்கிறேன் என்றேன். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். அவன் படியேறிப் போய்விட்டான். ரயில் வந்தது. அன்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவனை நான் பார்த்ததே இல்லை.

நேற்று மதுமிதா போன் செய்தாள். அவளுக்கு இதைச் சொன்னேன். "அத்தை, இது ஏன் படத்துல இல்ல?" என்று கேட்டாள். எடுத்தவனுக்கே தெரியாது என்றேன். அப்புறம்தான் அவர்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். படத்தை நெட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் பத்திரிகை அடிக்கலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அவள் அம்மா, கல்யாணமும் நடக்கும், அந்தப் படமும் இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் அவர் இப்படிப் பேசியதை மதுமிதா பார்த்ததே இல்லையாம். பத்திரிகையில் பெரியப்பா பேர் வருமா வராதா என்பது இன்னும் தெரியவில்லை. வரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை, பெண்ணை வளர்த்தவர். ஆனால் அந்த ஆசைக்காக நான் எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஒருவேளை அவர்கள் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்.

நீ படத்தை நெட்டில் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருக்கிறாய், அழித்துவிடவில்லை என்று டில்லி சொன்னான். உனக்கு அவமானமா, இல்லை, உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் என்ற வருத்தமா? வருத்தம் என்றால் வீட்டுக்கு வா, திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அவமானம் என்றால், அது யாருடையது என்று யோசித்துப் பார். தினமும் வேலை வெட்டியை விட்டு ரயிலேறி வந்தவன் ஒருத்தன் இருக்கிறான், அவன் படட்டும்.

ஆபீஸ், சம்பளம், கல்யாணம் என்று ஆனபிறகு நீ கேமராவைத் தொடவில்லை. சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை என்று காரணம் சொல்கிறாய். உங்கள் சார் போட்ட ஊசி இன்னும் உள்ளேயே இருக்கிறது. பிளாட்பாரத்தில் பெண்கள் எழுந்து நிற்பதை எடு. எந்தப் படத்திலிருந்து எதை வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துக்கொள். டில்லி வருவான், நானும் வருவேன். மதுமிதா கிளாப் அடிக்கிறேன் என்கிறாள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, படத்தைத் திரும்பப் போடு. அந்த முதல் வரியை எடுக்காதே. கல்யாணத்தில் யாராவது வந்து, அது நிஜமா என்று உன் காதில் கேட்டால் நீ பதில் தேட வேண்டாம். என்னிடம் அனுப்பு. மணமேடைக்குப் பக்கத்திலேயே பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருப்பேன். படத்தில் பார்த்த அதே முகம்தான், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

உன் அம்மா